காபிக் கட்டையில் வாத்து ஊதல் கடையலாமா? (ஏற்காடு)

நாகலூர் தோட்டம்:

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குச் சின்னக் காபித் தோட்டம். வயசான அராபிகா செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதுசு வைத்ததில், தண்டும் வேர்க்கட்டையுமாக ஷெட் ஓரம் ஒரு குவியல் கிடக்கிறது. காற்றில் முறிந்த சில்வர் ஓக் கிளைகளும் உண்டு. எல்லாம் அடுப்புக்குப் போவதில் மனசு ஒப்பவில்லை.

அமெரிக்காவில் வேட்டைக்காரர்களுக்காக வாத்து மாதிரி, வான்கோழி மாதிரி குரல் கொடுக்கும் மர ஊதல்களைக் கையால் கடைந்து விற்கிறார்கள். வீடியோவில் பார்த்ததிலிருந்து அதே நினைப்பு. சின்ன லேத் ஒன்று வாங்கிவிட்டேன். மே மாதக் கோடை விழாக் கூட்டத்திடம் விற்க ஆசை.

காபிக் கட்டை இதற்குத் தாங்குமா? கடைந்து வைத்த துண்டு ராத்திரியோடு ராத்திரியாக நுனியிலிருந்து வெடிக்கிறது. உள்ளே வைக்கும் நாக்கை எதில் செய்வது? வாயில் வைக்கிற பொருள் என்பதால் மேலே என்ன பூசுவது?

குகை கடைசல் பட்டறை:

தம்பி, கட்டை நல்ல கட்டைதான். இழை நெருக்கமாக, பிசிறே இல்லாமல் வழவழவென்று வரும். பச்சையில் கடைகிறீர்கள், அதுவும் நடுக்குருத்தோடு (தண்டின் மையத்து மென்பகுதி) சேர்த்து. பிறகு வெடிக்காமல் என்ன செய்யும்? காயும்போது மரம் சுற்றளவில் அதிகமாகச் சுருங்கும், மையத்தை நோக்கிக் குறைவாகத்தான் சுருங்கும். முழு உருளையாக விட்டால் அந்த இழுபறி எங்காவது ஓரிடத்தில் வாயைப் பிளந்துதான் தீரும்.

ஆனால் உங்கள் வேலையில் ஒரு வசதி இருக்கிறது. ஊதலுக்கு நடுவில் எப்படியும் துளை போடப் போகிறீர்கள். அதைப் பச்சையிலேயே போடுங்கள். கட்டையை வேண்டிய நீளத்தைவிட இரண்டு விரற்கடை கூடுதலாக அறுத்து, குருத்து போகிற வழியிலேயே சின்ன பிட்டால் துளைத்துக் குருத்தை எடுத்துவிடுங்கள். வெளியே தடிப்பாக உருட்டி, இரண்டு முனையிலும் மெழுகை உருக்கித் தடவி, நிழலில் சாக்குக்குள் போடுங்கள். வெயிலில் வைக்கவே கூடாது. வாரம் ஒருமுறை மளிகைத் தராசில் நிறுத்துத் துண்டின் மேலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். எடை இறங்குவது நின்றால்தான் காய்ந்தது என்று அர்த்தம். மழைக்காலத்து ஏற்காட்டுப் பனியில் அது நிற்கவே நிற்காது. மூட்டையைக் கீழே சேலத்துக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது.

கீழே காய்ந்த கட்டை மேலே போனால் கொஞ்சம் உப்பும், ஊதும்போது எச்சில் பட்டு இன்னும் உப்பும். அதனால் நாக்கைத் தாங்கிக் குழலுக்குள் செருகும் பாகத்தை இறுக்கமாகக் கடையாதீர்கள். லேசாகத் தளர்வு விட்டு, சுற்றிலும் காடி எடுத்து ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போடுங்கள்.

சில்வர் ஓக்கை வாய்ப்பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். செதில் செதிலாகப் பார்க்க அழகுதான். ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் கொடுக்கும். பம்பரம், பேனா ஸ்டாண்டு என்று எதையாவது செய்யுங்கள், கடையும்போது முகமூடி போடுங்கள். வேம்பு கசக்கும், வாங்கியவர் திட்டுவார். அடிவாரத்துப் பட்டா நிலத்தில் யாராவது வெட்பாலைக் கட்டை கொடுத்தால் விடாதீர்கள். கர்நாடகத்துச் சன்னபட்டணா பொம்மைக்கு வழக்கமான மரம் அந்த வெள்ளை மரம்தான். காப்புக்காட்டில் கீழே விழுந்து கிடக்கிற குச்சியைக்கூடத் தொட வேண்டாம். ஈட்டி, சந்தனம் யார் கொடுத்தாலும் வேண்டாம்.

மூக்கனேரி வாசி:

மரம் பற்றி ஐயா சொல்லிவிட்டார். நான் பறவைப் பக்கம். அமெரிக்காவில் வாத்து வேட்டைக்கு உரிமம், பருவம் எல்லாம் உண்டு. இங்கே 1972 வன உயிரினச் சட்டப்படி வேட்டை என்றால் சுடுவது மட்டுமில்லை, பொறி வைப்பது, இரை காட்டி இழுப்பது, அதற்கெல்லாம் முயல்வதும் சேர்த்திதான். அதனால் பொம்மை என்று சொல்லி விற்கலாம், ‘பறவையை அழைக்கும் கருவி’ என்று போர்டு வைக்க வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் தோப்புக்குள் நின்று ஊதினால், எதிராளி வந்துவிட்டான் என்று பறவை அடைகாப்பதை விட்டுவிட்டு வெளியே பறக்கும். வாங்குகிறவர்களிடம் இதை ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஊதாமல் சத்தம் எழுப்பும் இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் ஆடுபான் பேர்ட் கால் என்று விற்பார்கள். கட்டைவிரல் அளவு பிர்ச் மரத்துண்டு, அதன் துளைக்குள் வெள்ளீயக் கலவையில் ஒரு முளை, நடுவே கொஞ்சம் ரோசின் (பைன் மரப் பிசின்) பொடி. முளையைத் திருகினால் சிட்டு கத்துவது போல் கீச்சிடும். எச்சில் தொல்லை இல்லை, குழந்தைகளும் கையில் வைத்து விளையாடலாம். வயலின் கடையில் ரோசின் கிடைக்கும். உலோக முளைக்கு ஈயம் கலக்காத சால்டர் பாருங்கள்.

ஐந்து ரோடு லேத்:

நாக்கு பற்றி. பூவரசு இலையில் பீப்பீ சுருட்டாத ஆள் சேலத்தில் இருக்க முடியாது, தத்துவம் அதேதான்: மெல்லிய ஒன்று காற்றில் அதிர வேண்டும். வாத்து ஊதலில் அது மைலார் என்ற பிளாஸ்டிக் தகடு, 0.25 முதல் 0.35 மில்லிமீட்டர் தடிமன். குழல் துளை சுமார் 16 மில்லிமீட்டர். தகடு படுக்கும் பலகையின் முகம் நுனியை நோக்கி லேசாக வளைந்து இறங்க வேண்டும், பின்பக்கம் கார்க் ஆப்பு வைத்து இறுக்க வேண்டும். குரல் முழுக்க அந்த வளைவில்தான் இருக்கிறது, மரத்தில் அவ்வளவாக இல்லை. முதலில் தகட்டை நீளமாக விட்டு, மயிரிழை மயிரிழையாக நறுக்குங்கள். நீளம் குறையக் குறைய சுருதி ஏறும். எச்சிலில் மரம் உப்பும் தொல்லை பழசுதான். 1904-லேயே இல்லினாய் மாநிலத்தில் ஆல்ட் என்பவர் கடின ரப்பரில் வாத்து ஊதல் போட ஆரம்பித்துவிட்டார்.

வான்கோழிக்கு ஊதாமலே சத்தம் எழுப்பும் வகையும் உண்டு. ஸ்லேட்டுக் கல் பதித்த கிண்ணத்தின் மேல் மரக்குச்சியால் தேய்ப்பார்கள். அந்தக் குச்சிக்கு உங்கள் காபிக் கட்டை அருமையாக இருக்கும்.

நாகலூர் தோட்டம்:

எல்லாருக்கும் நன்றி. திருகுகிற ஊதலில் இருந்தே ஆரம்பிக்கிறேன், சின்னத் துண்டுகள்தான் என்னிடம் அதிகம். பூச்சு பற்றி மட்டும் யாராவது சொல்லுங்கள். வீட்டில் தேங்காய் எண்ணெய் போதும் என்கிறார்கள்.

குகை கடைசல் பட்டறை:

தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் காயாது தம்பி, பிசுபிசுத்துத் தூசி ஒட்டும். அரக்குக் குச்சியைச் சுற்றுகிற மரத்தின் மேல் அழுத்துங்கள், உரசும் சூட்டிலேயே உருகிப் பிடிக்கும். உடனே காய்ந்த தாழை மடலை வைத்து அமுக்கினால் கண்ணாடி மாதிரி வந்துவிடும். கடையில் விற்கும் சாயம் கலந்த அரக்கு வேண்டாம், வெறும் அரக்கு. வாயில் வைத்து ஊதுகிறதானால் துளையின் உள்ளேயும் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை விட்டு வடியுங்கள், எச்சில் படுவது அங்கேதான். தாழை மடல் கிடைக்காவிட்டால் இங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள், ஞாயிறு லீவு.