கிணற்றில் முங்கும் முன் வேகவேகமாக மூச்சு இழுக்கலாமா?

கேள்வி (பாலக்கோடு):
கோடை வந்தா எங்க பக்கம் பசங்க கிணத்துல முங்கு நீச்சல் போட்டி வைக்கிறாங்க. குதிக்கிறதுக்கு முன்னாடி இருபது முறை வேகமா மூச்சு வாங்குனா தம் நிறைய நேரம் நிக்குதாம். ஆக்சிஜன் கூடுதலா ஏறுறதாலயா?

பதில் 1:
இல்லைங்க. சாதாரண மூச்சிலேயே ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் 97, 98 சதவீதம் நிறைந்திருக்கும். வேகமூச்சில் குறைவது கார்பன் டை ஆக்சைடு. தமனி ரத்தத்தில் 40 மி.மீ. பாதரச அழுத்தத்தில் இருப்பது 25க்கும் கீழே போகலாம். விரல் மரத்து, தலை கிறுகிறுப்பது அதனால்தான். தெம்பு ஏறுவதாகப் பசங்க நினைச்சுக்கறாங்க.

மூச்சு முட்டும் உணர்வைப் பெரும்பாலும் கிளப்புவதும் அந்த வாயுதான். அது மூளைத் திரவத்துக்குள் ஊடுருவி அமிலத்தன்மையைக் கூட்டும்போது மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் உள்ள உணரிகள் விழித்துக்கொள்ளும். கட்டளை கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5ஆம் பகுதிகளிலிருந்து கிளம்பும் பிரினிக் நரம்பு வழியாக, மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானத்துக்குப் போகும். வாயுவை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால் இந்த மணி தாமதமாகத்தான் அடிக்கும்.

பதில் 2:
ஆக்சிஜன் குறைந்தால் சொல்ல வேறு ஆள் இருக்கிறதே என்று கேட்கலாம். கழுத்தில், தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி பிரியும் இடத்தில் அரிசி மணி அளவில் ஓர் உணரி உண்டு. சேதி மூளையோடு நேரே இணைந்த 9ஆம் கபால நரம்பில் போகும். பெருந்தமனி வளைவில் இருப்பவை 10ஆம் நரம்பில். ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 60 மி.மீ.க்குக் கீழே இறங்கிய பிறகே இவை உரக்கக் கத்தும். கார்பன் டை ஆக்சைடு குறைவாக இருந்தால் அந்தச் சத்தமும் மங்கிவிடும். மூச்சு முட்டாமலே மயக்கம் வருவது இப்படித்தான்.

ஆழக் கிணறு இன்னும் மோசம். 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகி, நுரையீரலில் உள்ள ஆக்சிஜனை ரத்தத்துக்குள் தள்ளும். மேலே வரவர அழுத்தம் பாதியாகி, ஆக்சிஜன் சட்டென்று குறையும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நினைவு தப்புவது அதனால்.

கேள்வி கேட்டவர்:
அப்போ எப்படி முங்கணும்?

பதில் 3:
நிதானமா மூச்சு விட்டு, ஒரே ஒரு முழு மூச்சு இழுத்து முங்கட்டும். முட்ட ஆரம்பித்ததும் மேலே வரணும். நேரப் போட்டியே வேண்டாம். முங்கி எழுந்தவர் முங்கியிருந்த நேரத்தைப்போல இரு மடங்கு நேரமாவது ஓய்வெடுக்கணும். ஒருவர் முங்கினால் நீந்தத் தெரிந்த இன்னொருவர் அவரையே பார்த்துக்கொண்டு மேலே இருக்கணும். மயங்கியவரைத் தூக்கியதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கப் பார்க்காதீங்க. மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்தத் தொடங்குங்க. இன்னொருத்தர் 108க்கு அழைக்கட்டும்.

பதில் 2 (மீண்டும்):
தூர் வாரப் பாழுங்கிணற்றில் இறங்குபவர்களுக்கும் இதே நரம்புக் கணக்குதான். உள்ளே ஆக்சிஜன் குறைந்த காற்று இருந்தாலும் கார்பன் டை ஆக்சைடு வழக்கம்போல வெளியேறிக்கொண்டிருந்தால் மூச்சே முட்டாது, கால் தள்ளாடி விழுவார். காப்பாற்ற இறங்குகிறவரும் அதே காற்றைத்தான் சுவாசிப்பார். இடுப்புக் கயிறு இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள்.