அமெரிக்கா, கனடா வருகிறீர்களா? மிக்ஸியைப் பெட்டியில் வைக்கும் முன் இதைப் படியுங்கள்

கல்லூரி திறக்கும் ஆகஸ்டில், புதிதாக வருபவர்களிடமிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள் வரும். "அண்ணா, அம்மா புது மிக்ஸி வாங்கிக் கொடுத்திருக்கிறார், எடுத்துவரலாமா?" "அக்கா, பாத்ரூமில் பிளக் பாயின்ட் செத்துப்போச்சு, யாரைக் கூப்பிடுவது?" தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்று. லண்டன், சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, துபாய் போகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. அங்கெல்லாம் நம் ஊரைப் போலவே 230 வோல்ட்டை ஒட்டிய கரண்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்கை மட்டும் அந்த ஊர் துளைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டால் போதும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இரண்டுமே வேறு. இலங்கையிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால், யாழ்ப்பாணத்திலிருந்து டொரான்டோ வருபவர்களுக்கும் இதே கதைதான்.

எந்தச் சாமானாக இருந்தாலும் அதைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். போன் சார்ஜரிலும் லேப்டாப் சார்ஜரிலும் பொடி எழுத்தில் 'இன்புட் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருக்கும். அப்படி இருந்தால் உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் செருகலாம். கேமரா சார்ஜர், பெரும்பாலான டிரிம்மர்கள் எல்லாம் இந்த வகை. வெறும் '230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்' என்று மட்டும் இருந்தால் அது நம் ஊருக்கு மட்டும் செய்தது. மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையர், இண்டக்‌ஷன் அடுப்பு, கெட்டில் எல்லாம் இந்தப் பக்கம் விழும்.

சூடாக்கும் சாமான்களை மறுபேச்சில்லாமல் ஊரிலேயே விட்டுவிடுங்கள். வோல்டேஜ் பாதியானால் சூடும் பாதியாகும் என்று நினைக்கிறார்கள். கிட்டத்தட்ட கால்வாசிதான் கிடைக்கும். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் இங்கே சுமார் 270 வாட்தான் இழுக்கும். சட்டைச் சுருக்கம் அப்படியே இருக்கும். புது அயர்ன் பாக்ஸ் இங்கே மலிவாகவே கிடைக்கிறது. அதற்காக ஒரு கிலோ லக்கேஜைச் செலவு செய்ய வேண்டாம்.

மிக்ஸி விஷயம் அப்படி எளிதில் முடியாது, ஏனென்றால் நம் சமையலுக்கு அது இல்லாமல் முடியாது. இங்கே விற்கும் பெரிய பிளெண்டர்களில் ஸ்மூத்தி அடிக்கலாம். இரண்டு பேருக்குத் தேங்காய்ச் சட்னி அரைக்க முடியாது. கொஞ்சமாகப் போட்டால் அகலமான ஜாரில் எல்லாம் சுவரில் ஒட்டிக்கொண்டு, பிளேடு சும்மா சுற்றும். அதனால்தான் எல்லோரும் ஊர் மிக்ஸியையே எடுத்துவரப் பார்க்கிறார்கள். வெறும் பின் அடாப்டர் போட்டு 230 வோல்ட் மிக்ஸியைச் செருகினால் அது சுற்றத்தான் செய்யும், ஆனால் இழுவை இருக்காது. ஊறவைத்த உளுந்தைப் போட்டதும் பிளேடு நின்றுவிடும், நின்ற மோட்டார் சூடாகிக் கருகும் வாடை வரும். அடாப்டர் பின்னின் உருவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜைத் தொடாது.

இங்குள்ள 120 வோல்ட்டை 230-ஆக ஏற்றித் தரும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் ஓடும். மிக்ஸியில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த மோட்டார். அதற்கு 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்பது பெரிய விஷயமில்லை, வோல்டேஜ் சரியாக இருந்தால் போதும். ஆனால் 750 வாட் மிக்ஸிக்கு 750 வாட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்காதீர்கள். மோட்டார் கிளம்பும் நேரத்தில் பல மடங்கு கரண்ட் இழுக்கும், அதனால் குறைந்தது 1500 வாட் வேண்டும். அது ஒரு கனத்த இரும்புப் பெட்டி, சமையல் மேடையில் பாதி இடத்தைப் பிடிக்கும், செருகி வைத்திருக்கும்வரை முனகிக்கொண்டே இருக்கும். பயணத்துக்கென்று விற்கும் கையடக்க 'கன்வெர்ட்டர்'களை மிக்ஸிக்குப் பயன்படுத்தவே கூடாது. அவற்றில் பல சூடாக்கும் சாமான்களுக்கு மட்டும் ஆனவை.

என் கருத்தைக் கேட்டால் டிரான்ஸ்ஃபார்மரே வேண்டாம். ப்ரீத்தி போன்ற நம் ஊர் நிறுவனங்களே இங்குள்ள 120 வோல்ட் கரண்டுக்கென்று, '110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்' என்று போட்ட மிக்ஸி செய்து இங்கே விற்கின்றன. நியூஜெர்சி எடிசனின் ஓக் ட்ரீ ரோடு, டொரான்டோவின் ஸ்கார்பரோ மாதிரி நம்மவர் நிறைய இருக்கும் இடங்களில் கடைக்கே போய் ஜாரைத் திறந்து பார்த்து வாங்கலாம், இல்லையென்றால் ஆன்லைனில் வரும். ஊரைவிட விலை அதிகம்தான். ஆனாலும் டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் லக்கேஜ் எடையையும் கூட்டிப் பாருங்கள். அப்புறம் ஒரு சின்ன விஷயம்: மிக்ஸி திடீரென்று நின்றுவிட்டால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அடிப்பக்கம் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், பெரும்பாலும் சிவப்பு. சுமை தாங்காமல் அது வெளியே தள்ளியிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, மோட்டார் ஆறியதும் அதை அழுத்தினால் மறுபடி ஓடும்.

கிரைண்டரை டிரான்ஸ்ஃபார்மர் வைத்தும் எடுத்துவர வேண்டாம். அதில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார், அதன் வேகமே ஹெர்ட்ஸைப் பொறுத்தது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் ஏற்றும், 60 ஹெர்ட்ஸ் அப்படியே இருக்கும். கல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றப் பார்க்கும், இழுவை குறையும், மோட்டாருக்கு நல்லதல்ல. கோயம்புத்தூர் டேபிள் டாப் கிரைண்டர்களும் 110 வோல்ட்டில் கிடைக்கின்றன.

மாவு அரைத்தாகிவிட்டது, குளிர்காலத்தில் பொங்கவில்லை என்பது அடுத்த புலம்பல். ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டுவைக்கும் வழக்கம் இங்கே பல வீடுகளில் உண்டு. அது பழைய குண்டு பல்பாக இருந்தால்தான் சூடு வரும், எல்.இ.டி. பல்பில் வராது. அந்த ஓவனை யாரும் தெரியாமல் பற்றவைத்துவிடாமல் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள். கனடாவின் ஒட்டாவாவில் பிறந்த இன்ஸ்டன்ட் பாட் என்னும் மின் குக்கர் வைத்திருந்தால் இன்னும் சுலபம்: தயிர் உறைய வைக்கும் யோகர்ட் பொத்தானிலேயே மாவும் புளித்துவிடும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், பொங்கி வழியும்.

குக்கர் தாராளமாக எடுத்துவரலாம், கூடவே கேஸ்கெட் இரண்டு, சேஃப்டி வால்வு ஒன்று. ஆனால் வாடகை வீட்டில் பெரும்பாலும் கண்ணாடி மேல் உள்ள மின் அடுப்போ காயில் அடுப்போதான் இருக்கும். அதில் உருண்டை அடிக் கடாய் உட்காராது. தட்டை அடி வேண்டும். இண்டக்‌ஷன் என்றால் அலுமினிய குக்கர் சூடே ஆகாது. ஃபிரிஜ் காந்தம் ஒன்றை அடியில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் வேலை செய்யும்.

இனி வீட்டு வயரிங். இங்கே சுவிட்ச் மேலே இருந்தால் ஆன், கீழே இருந்தால் ஆஃப். நம் பழக்கத்துக்கு நேர் எதிர். பிளக் பாயின்ட்களுக்குப் பக்கத்தில் சுவிட்ச் கிடையாது. ஆனால் ஹாலிலும் படுக்கையறையிலும் சில பாயின்ட்களுக்குக் கதவோரம் ஒரு சுவிட்ச் இருக்கும், கூரை விளக்கு இல்லாத அறையில் நிற்கும் விளக்கைப் போட வசதியாக. ஒரே பாயின்ட்டில் இரண்டு பிளக் செருகலாம், அவற்றில் ஒன்று மட்டும்கூட அந்தச் சுவிட்ச்சில் ஓடும். எங்கள் பக்கத்து பிளாக்கில் புதிதாக வந்த ஒரு தம்பதிக்கு தினமும் இரவு இன்டர்நெட் நின்றுகொண்டிருந்தது. ரௌட்டரை மாற்றினார்கள், கம்பெனிக்குப் போன் போட்டார்கள். கடைசியில் பார்த்தால், படுக்கப் போகும்போது கதவோரச் சுவிட்ச்சை அணைத்தவுடன் ரௌட்டரும் அணைந்திருக்கிறது. சாமான் வேலை செய்யவில்லை என்றால் முதலில் அறையில் உள்ள எல்லாச் சுவிட்ச்சையும் மேலே தள்ளிப் பாருங்கள்.

பாத்ரூமிலும் சமையலறையிலும் 'டெஸ்ட்', 'ரீசெட்' என்று இரண்டு பொத்தான்கள் வைத்த பாயின்ட் இருக்கும். ஜி.எஃப்.சி.ஐ. என்பார்கள். கரண்ட் கொஞ்சம் கசிந்தாலும் உயிரைக் காக்க அது தானாகவே துண்டித்துக்கொள்ளும். ரீசெட்டை அழுத்தினால் திரும்ப வரும். பலருக்குத் தெரியாதது என்னவென்றால், ஒரு ஜி.எஃப்.சி.ஐ. அதற்குப் பின்னால் இணைத்த மற்றப் பாயின்ட்களையும் சேர்த்தே காக்கும். மாடிப் பாத்ரூம் பாயின்ட் செத்துக் கிடக்க, காரணம் கீழே கராஜில் இருக்கும் ஜி.எஃப்.சி.ஐ.யாக இருக்கலாம். வீட்டில் உள்ள எல்லா ரீசெட்டையும் தேடி அழுத்திவிட்டு அப்புறம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ரீசெட் நிற்காமல் மறுபடி மறுபடி துண்டித்தால் அதில் செருகிய எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் அதைத் தொடாமல் அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸுக்குச் சொல்லுங்கள்.

மைக்ரோவேவும் டோஸ்டரும் ஒரே நேரத்தில் ஓடும்போது பாதிச் சமையலறை இருட்டானால் பிரேக்கர் விழுந்திருக்கிறது. 120 வோல்ட்டில் 15 ஆம்பியர் லைன் 1800 வாட்தான் தாங்கும். மைக்ரோவேவ் ஒன்றே 1500 வாட் வரை இழுக்கும். அலமாரிக்குள்ளோ பேஸ்மென்ட்டிலோ இருக்கும் பேனல் பெட்டியைத் திறந்தால், விழுந்த பிரேக்கரின் நெம்புகோல் நடுவில் நிற்கும். அப்படியே ஆன் பக்கம் தள்ளினால் நிற்காது. முதலில் முழுக்க ஆஃப் பக்கம் தள்ளி, பிறகு ஆன். குளிருக்கு வாங்கும் ஸ்பேஸ் ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் கார்டில் மாட்டவே மாட்டாதீர்கள், நேராகச் சுவர்ப் பாயின்ட்டில்தான். இதில் தயவுசெய்து சமரசம் வேண்டாம். வயர் உருகித் தீப்பிடிக்கும்.

தாளிக்கும்போது ஸ்மோக் அலாரம் அலறுவது எல்லா வீட்டிலும் நடக்கும். பல அடுப்பு ஃபேன்கள் புகையை வெளியே தள்ளாது, வடிகட்டி வீட்டுக்குள்ளேயே விடும். ஜன்னலைத் திறந்துவிட்டுத் தாளியுங்கள். அலாரத்தின் பேட்டரியை மட்டும் கழற்றாதீர்கள். மூன்று மூன்றாக ஒலித்தால் புகை. நான்கு நான்காக ஒலித்தால் கார்பன் மோனாக்சைடு. வாடையே தெரியாத வாயு அது, உடனே எல்லோரும் வெளியே போய்விட்டு 911-ஐ அழையுங்கள். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை 'டிக்' என்று கத்தினால் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது, அல்லது அதன் ஆயுள் முடிந்துவிட்டது. பின்பக்கத்தில் தயாரித்த தேதி இருக்கும். ஸ்மோக் அலாரத்துக்கு 10 வருடம்தான்.

போன் விஷயத்தில் ஊரிலேயே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022-ல் 3ஜி-யை மூடிவிட்டன. அதனால் 4ஜி வழியாகவே பேசும் வசதி அந்த நிறுவனத்தில் உங்கள் போனுக்கு அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். *#06# அழுத்தி வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டு சிம் வாங்குங்கள். அந்தப் பெரிய நிறுவனங்களில் ஒன்றான டி-மொபைல் கிராமப்புறத்திலும் கட்டடத்துக்குள்ளும் நம்பியிருக்கும் 600 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை இந்தியாவில் விற்கும் பல போன்களில் கிடையாது. ஊரில் நன்றாக இருந்த போன் இங்கே பேஸ்மென்ட்டில் சிக்னல் இழப்பது அதனால்தான்.

இங்கே ஐபோன் வாங்கும் எண்ணம் இருந்தால் இதைக் கவனியுங்கள்: ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கும் மாடல்களில் சிம் போடும் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான். ஊர் சிம் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேங்க் ஓ.டி.பி. வராமல் தவிப்பவர்கள் நிறைய. ஒன்று, கிளம்பும் முன்பே ஊர் எண்ணை இ-சிம்மாக மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பழைய போன் ஒன்றில் அந்த சிம்மைப் போட்டு, ரோமிங் வசதியை இயக்கி, டேட்டாவை அணைத்து அலமாரியில் வையுங்கள். ரீசார்ஜை விட்டுவிட்டால் எண் கைவிட்டுப் போய் வேறு யாருக்கோ போய்விடும், பேங்க் கணக்கோடு பிணைந்த எண் என்றால் அது ஆபத்து.

சார்ஜர்களுக்கு அடாப்டர் குவிக்க வேண்டாம். லேப்டாப் சார்ஜரில் சுவருக்குப் போகும் வயர் தனியாகக் கழலும். அந்த வயரை மட்டும் இங்கே வாங்கினால் ஆட்டமில்லாமல் உட்காரும். பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. ஸ்டெபிலைசர் இங்கே வீடுகளில் யாரும் போடுவதில்லை, தேவையும் இல்லை.

வாங்கும்போது யூ.எல்., ஈ.டி.எல்., கனடாவில் சி.எஸ்.ஏ. என்ற பாதுகாப்புச் சோதனை முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான பெயர் தெரியாத ஹீட்டர், சார்ஜர் வேண்டாம். பெரிய கடைகளில் திருப்பிக் கொடுக்கச் சில வாரங்கள் தருவார்கள். அதுவரை அட்டைப் பெட்டியையும் பில்லையும் வைத்திருங்கள். டிவி, வேக்யூம் மாதிரி அவசரமில்லாதவற்றை நவம்பர் கடைசி வாரத் தள்ளுபடிக்குத் தள்ளிப்போடலாம். மிக்ஸி, கிரைண்டருக்கு உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்திலும் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் குழுவிலும் கேளுங்கள். படிப்பு முடிந்து கிளம்புபவர்கள் மே மாதத்தில் விற்பார்கள். 110 வோல்ட் மிக்ஸியை ஊருக்குக் கொண்டுபோய் 230-ல் போட்டால் மோட்டார் எரிந்துவிடும் என்பதால் அவர்கள் குறைந்த விலைக்கே கொடுத்துவிடுவார்கள். பணம் கொடுக்கும் முன் ஒரு பிடி ஊறவைத்த உளுந்தைப் போட்டு அரைத்துக் காட்டச் சொல்லுங்கள்.