டிசம்பர் வழிபாட்டுக்கு இரண்டு தனிப்பாடல்கள்: யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். யூனிடேரியன் யுனிவர்சலிஸ்ட் சபை ஒன்றில், டிசம்பர் வழிபாட்டுக்கு இரண்டு தனிப்பாடல்கள் பாடக் கேட்டிருக்கிறார்கள். என் குரல் மெஸ்ஸோ (பெண்குரலில் நடுத்தரச் சுருதி), துணைக்குப் பியானோ மட்டும்.

அங்கே கிறிஸ்தவர், யூதர், பௌத்தர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர் எல்லோரும் ஒன்றாக உட்காருவார்கள். மீட்பர் பிறந்தார் என்று அறிவிக்கும் பாட்டு சிலருக்கு ஒட்டாது. அதற்காகப் பனி, மணியோசை என்று மட்டும் பாடிவிட்டு வரவும் எனக்கு மனமில்லை.

முதல் பாட்டுக்கு 'இட் கேம் அப்பான் த மிட்நைட் கிளியர்' என்ற கிறிஸ்துமஸ் பாடலை நினைத்திருக்கிறேன். 1849இல் அதை எழுதிய எட்மண்ட் சியர்ஸ் ஒரு யூனிடேரியன் போதகர். தேவதூதர் வந்தாலும் பாட்டின் கனம் முழுக்கப் போரின் இரைச்சலிலும் அமைதிக்கான ஏக்கத்திலும்தான் இருக்கிறது. அந்தப் போர் பற்றிய சரணத்தைப் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். நான் கட்டாயம் பாடுவேன்.

இரண்டாவதில்தான் குழப்பம். 'ஓ ஹோலி நைட்' எனக்கு உயிர். அடிமைத்தளையை உடைக்கும் அந்தச் சரணம் இந்தச் சபைக்கு நிச்சயம் பிடிக்கும். ஆனால் முதல் சரணமே மீட்பரின் பிறப்பில்தான் தொடங்குகிறது. சொற்களை மாற்றிப் பாடுவது சரியா? அப்படியே பாடிவிட்டு, முன்னால் இரண்டு வரி விளக்கம் சொன்னால் போதுமா?

அப்புறம், ஹனுக்கா என்ற யூதர்களின் ஒளித் திருவிழா அல்லது குளிர்கால நீள்இரவைப் பற்றி, தனிக்குரலுக்கு ஏற்ற நல்ல பாடல் தெரிந்தால் சொல்லுங்கள். இப்படிப்பட்ட சபையில் பாடியவர்கள் யாராவது இருந்தால், உங்கள் அனுபவம் பெரிய உதவியாக இருக்கும்.