அம்மாவுக்குக் காபி மிஷின் வாங்கலாமா?

குழு: பட்டுக்கோட்டை வீடு

காலை 7:10
நான்: எல்லாரும் இருக்கீங்களா? போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன்ல, காலையில அம்மா பில்டரோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்துச்சு. விரல் கணுவெல்லாம் வீங்கிக் கெடக்கு. பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. பட்டனை அழுத்துனா காபி வர்ற மிஷின் ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாம்னு நெனைக்கிறேன். 40,000 ஆகுது. அண்ணா, நீ பாதி நான் பாதி?

7:18
சித்தி: நல்ல யோசனைம்மா. அக்கா எத்தனை வருஷமா அஞ்சு மணிக்கு எந்திரிச்சு டிகாஷன் போடுது. கை ஓயட்டும்.

7:31
மாமா: பாப்பா, பணத்தைக் கட்டறதுக்கு முன்னாடி நான் சொல்றதைக் கேளு. அதே மாதிரி ஒண்ணு நான் வாங்கி மூணு வருஷம் ஆச்சு. கொட்டையைப் போட்டா அதுவே அரைச்சு, தண்ணி சூடு பண்ணி, கப்புல ஊத்திடும். முதல் ஆறு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. எங்க வீட்ல போர் தண்ணி. உள்ள இருக்கற சின்னச் சின்ன குழாய்ல எல்லாம் உப்பு படிஞ்சு போச்சு. மாசத்துக்கு ஒரு தடவை மருந்து ஊத்திக் கழுவணும்னாங்க, கழுவினேன். அப்படியும் பம்ப் போயிடுச்சு. சர்வீஸ் ஆள் வர்றதுக்கு 18 நாள். அந்த 18 நாளும் பரண்ல இருந்த பழைய பில்டர்தான்.

7:33
மாமா: இன்னொண்ணு. நம்ம வீட்டு சிக்கரி காபி அதுல வராது. அரைக்கறதுக்கு கொட்டைதான் போடணும். பொடி போடறதுக்குன்னு தனியா ஒரு வாய் இருக்கு, அதுல போட்டுப் பாத்தேன். சிக்கரி தண்ணி பட்டதும் பிசுபிசுன்னு ஆகி அடைச்சுக்கிச்சு.

7:52
அண்ணன்: மாமா, அதுல பாதி தண்ணியோட குத்தம். நான் கேன் தண்ணிதான் ஊத்தறேன், நாலு வருஷமா ஒரு பிரச்சனையும் இல்ல. அந்த மிஷின்ல வர்ற எஸ்பிரஸோ காபி எனக்கு உயிர். ஆனா அது வேற பானம். 9 பார் அழுத்தம், கார் டயர்ல இருக்கற மாதிரி நாலு மடங்கு. அந்த வேகத்துல தண்ணியைத் தள்ளித்தான் 25, 30 செகண்டுல காபி இறங்குது, மேல பொன்னிற நுரை கட்டுது. நம்ம பில்டர்ல தள்ளறதுக்கு யாரும் இல்ல. தண்ணி தன் கனத்துல தானா இறங்கணும். சிக்கரி வேற பிடிச்சு நிறுத்தும். அதான் 20 நிமிஷம்.

7:54
அண்ணன்: 1884ல இத்தாலில டூரின்ங்கற ஊர்ல மொரியொண்டோன்னு ஒருத்தர் நீராவியில காபி போடற மிஷினுக்கு காப்புரிமை வாங்கினார். கூட்டமா நிக்கறவங்களுக்கு சீக்கிரம் ஊத்திக் குடுக்கறதுக்கு. அப்பா அம்மா ரெண்டே பேர் இருக்கற வீட்ல யாருக்கு அவசரம்? பணத்துக்காகச் சொல்லலை. அம்மா அந்த ருசியைக் குடிக்காது.

7:58
சித்தி: கல்யாண வீட்ல புஸ்ஸுன்னு சத்தம் போட்டு சாக்லேட் பொடி தூவிக் குடுப்பாங்களே, அதுவும் எஸ்பிரஸோதானே?

8:01
அண்ணன்: இல்ல சித்தி. அது இன்ஸ்டன்ட் பொடி, நீராவியில பாலைப் பொங்க வெக்கறது. பேர் மட்டும்தான் அது.

8:03
நான்: ருசி சரிண்ணா. அம்மா கைக்கு என்ன பண்றது?

மதியம் 1:45
அம்மா: இப்பதான் பாத்தேன். காலையிலேர்ந்து என்னைப் பத்தியே பேசியிருக்கீங்க. காபி போடறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. மூணு ஸ்பூன் பொடி போட்டு, குடையை அழுத்தாம மேலாப்புல வெச்சு, கொதிச்ச தண்ணியை முதல்ல கொஞ்சமா சுத்தி ஊத்துவேன். பொடி நனைஞ்சு உப்பி வரும். அப்புறம்தான் மீதி. மூடி போட்டுட்டு வாசல் தெளிக்கப் போனாலும் காது இங்கதான் இருக்கும். சொட்டற சத்தம் கேக்கலைன்னா மேல் பாத்திரத்தை லேசாத் தூக்கி காத்து விட்டாப் போதும், மறுபடி இறங்கும். ஓட்டை அடைச்சா அடுப்புத் தணல்ல காட்டுவேன், பொடி எரிஞ்சு உதிர்ந்துடும். 31 வருஷமா அதே எவர்சில்வர் பில்டர்தான். ஒருத்தரையும் ரிப்பேருக்குக் கூப்பிட்டதில்ல.

1:49
அம்மா: டிகாஷன் இறங்கினப்புறம் ரெண்டையும் கழட்டறதுதான் முடியலை. இறுக்கிப் புடிச்சுக்குது. நீ பாத்தது அதைத்தான். அதுக்கு எதுக்கு 40,000?

1:56
நான்: அம்மா, இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல. நான் காபி போடறதே கஷ்டம்னு நெனச்சுட்டேன்.

2:10
அப்பா: நாளையிலேர்ந்து நான் கழட்டிக் குடுத்துட்டு வாக்கிங் போறேன்.

2:12
அம்மா: நீங்க கிளம்பறப்ப பாதிகூட இறங்கியிருக்காது.

2:20
அண்ணன்: அம்மா, அது ஏன் புடிக்குதுன்னா, அடிப்பாத்திரத்துல இருக்கற சூடான காத்து ஆற ஆறச் சுருங்கும். மேல ஈரப்பொடி ஓட்டையை மூடிக்கிட்டு இருக்கு, வெளிக்காத்து உள்ள போக வழி இல்ல. அதான் மேல் பாத்திரத்தை உள்ள இழுத்துக்குது. பலம் போட்டுத் திருகாத. ஒரு கிண்ணத்துல சுடுதண்ணி வெச்சு அடிப்பாத்திரத்தை மட்டும் அரை நிமிஷம் நிறுத்து. உள்ள காத்து விரிஞ்சு குடுக்கும்.

2:24
மாமா: செஞ்சு பாருக்கா. வரலைன்னா கொஞ்சம் லூசா உக்கார்ற பில்டர் ஒண்ணு நான் பாத்து அனுப்பறேன்.

மறுநாள் காலை 6:05
அம்மா: சுடுதண்ணியில வெச்சேன். ரெண்டு விரல்ல தூக்கினேன், வந்துடுச்சு. டிகாஷனும் சூடா இருந்துச்சு, தனியா சுட வெக்க வேண்டிய வேலை இல்ல.

6:11
நான்: 😭 அம்மா!

6:14
சித்தி: நானும் இன்னைக்கே செய்றேன். எங்க வீட்லயும் கதவுல வெச்சு நெம்பற மாதிரிதான் இருக்கு.

6:20
அம்மா: பாப்பா, அடுத்த மாசம் கோயமுத்தூர்லேர்ந்து வர்றப்ப பீபெரி காபிக்கொட்டை, அந்த உருண்டையா இருக்கறது, கால் கிலோ வாங்கிட்டு வா. கிளம்பற அன்னைக்கே அரைக்கச் சொல்லு. இங்க கடையில அரைச்சு எத்தனை நாள் ஆச்சுன்னே தெரியலை, வாசனையே இல்ல. சிக்கரி 20 சதவீதம் போடச் சொல்லு.

6:22
அப்பா: 15 போதும்.

6:22
அம்மா: 20.