பங்க்கில் நின்று யாரைத் திட்டுவது? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

குரோம்பேட்டை ஸ்கூட்டி

நானே ஆரம்பிக்கிறேன். 2021 ஜூலை கடைசி. சென்னையில் பெட்ரோல் 102 ரூபாய் 49 காசு. எனக்கு முன்னால் எக்ஸ்எல் வண்டியில் ஒரு பெரியவர். கேரியரில் வாழைத்தார் கட்டியிருந்தார். "நூறு ரூபாய்க்குப் போடும்மா" என்றார். பங்க் பெண் வழக்கம்போல "ஜீரோ பாத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார். ரூபாய்க் கட்டம் நூறில் நின்றது. லிட்டர் கட்டத்தில் 0.98.

பெரியவர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "என்னம்மா இது, நூறு ரூபாய்க்கு ஒரு லிட்டர்கூட வரலை? மிஷின்ல கைவெச்சிருக்கீங்களா?" நல்ல சத்தம். பின்னால் நின்ற நாலு பேரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். நானும் ஒரு வார்த்தை விட்டேன், பொய் சொல்வானேன். அந்தப் பெண் பதில் பேசாமல் விலைப் பலகையைக் கையால் காட்டினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "நானும் இங்க காசு குடுத்துத்தான் சார் போட்டுக்கறேன்." இருபது, இருபத்தொரு வயதுதான் இருக்கும். மாதச் சம்பளம் வாங்குகிற அந்தப் பெண்ணைத் திட்டிவிட்டு நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்ததா?

ஓய்வுபெற்ற குமாஸ்தா

எங்கள் தெரு டீக்கடையில் இந்தச் சண்டை தினமும் நடக்கும். ஒருவர் "எல்லாம் மத்திய அரசு வரி" என்பார், இன்னொருவர் "உங்க ஆளுங்க மாநில வாட் வரியைக் குறைக்கச் சொல்லுங்க" என்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் பேப்பரில் எழுதியே காட்டினேன்.

2020 ஏப்ரலில் கச்சா எண்ணெய் சீந்துவாரில்லாமல் கிடந்தது. ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் முன்பேர விலை (பின்னால் எடுக்கப்போகும் சரக்குக்கு முன்கூட்டியே பேசும் விலை) பூஜ்யத்துக்கும் கீழே போனது. நமக்குக் குறைந்ததா? மே 3 அன்று தமிழக அரசு வாட் வரியைக் கூட்டி பெட்ரோலுக்கு 3.25, டீசலுக்கு 2.50 ஏற்றியது. இரண்டே நாளில், மே 5 இரவு, மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கலால் வரி போட்டது. பெட்ரோல் மேல் கலால் மட்டும் லிட்டருக்கு 32.98 ஆனது. மத்திய அரசு போட்டதை எண்ணெய் நிறுவனங்கள் விலைச் சரிவில் கழித்துக்கொண்டதால் பங்க்கில் அன்று அது தெரியவில்லை. ஊரடங்கில் வண்டி வாசலில் கிடந்தது, யார் கவனித்தார்கள்? கச்சா எண்ணெய் பழையபடி ஏற ஆரம்பித்த பிறகுதான் வலித்தது.

2021 தேர்தலில் திமுக பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 4 குறைப்போம் என்று வாக்குறுதி கொடுத்தது. ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார்கள், டீசலுக்கு ஒன்றுமில்லை. இதையும் அதே பேப்பரில் எழுதினேன். இரண்டு பேரும் என் மேல் பாய்ந்தார்கள். டீக்கு மட்டும் நான்தான் காசு கொடுத்தேன்.

மீட்டர் போடாத ஆட்டோ

பேரைப் பார்த்ததும் திட்டாதீங்க, முழுசாகப் படியுங்கள். நீங்கள் பங்க்கில் திட்டுகிறீர்கள், என்னை எல்லோரும் ரோட்டில் வைத்துத் திட்டுகிறார்கள்.

எழும்பூரில் ஒரு அம்மா ஏறினார். ஐந்து கிலோமீட்டர். 120 கேட்டேன். அவர் போனை எடுத்து அரசு கட்டணத்தைக் காட்டினார்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25, அப்புறம் கிலோமீட்டருக்கு 12. கணக்குப் போட்டால் 63 ரூபாய் சொச்சம். "கவர்ன்மென்ட் ரேட் இதுதானே?" என்றார். "ஆமாம்மா, அந்தத் தேதியையும் பாருங்க" என்றேன். 2013 ஆகஸ்ட். அன்றைக்கு பெட்ரோல் எழுபத்துச் சொச்சம். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அதுக்காக டபுளா கேட்பீங்களா?" என்றார். அதுவும் நியாயம்தான். நூறில் முடிந்தது. இறங்கும்போது இரண்டு பேருக்கும் மனசு சரியில்லை.

கட்டணத்தை மாற்றுங்கள் என்று எத்தனை மனு, எத்தனை போராட்டம். கடைசியில் 2025 பிப்ரவரி 1 முதல், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50, பிறகு கிலோமீட்டருக்கு 18 என்று சங்கங்கள் தாங்களே அறிவித்தன. அறிவித்தோம், சரி. சவாரிக்காரர் ஏற்க வேண்டுமே? கேஸ் வண்டிக்காரர்களுக்கு வேறு புலம்பல், அதை அவர்களே எழுதட்டும்.

பழைய ஸ்ப்ளெண்டர்

என் கதை கொஞ்சம் வேறு. விலை ஒரு பக்கம் இருக்கட்டும், போட்ட பெட்ரோல் ஓட மாட்டேன் என்கிறது. 2012 வண்டி. லிட்டருக்கு அறுபது கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது, இப்போது ஐம்பத்தைந்தைத் தாண்டுவதில்லை. மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். "இருபது பர்சென்ட் எத்தனால் கலக்கறாங்க தம்பி, பின்ன எப்படி?" என்றார். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஆக, அதே காசுக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். இருபது சதவீத இலக்கை முதலில் 2030 என்றுதான் வைத்திருந்தார்கள், பிறகு 2025க்கே இழுத்துவிட்டார்கள். என் வண்டியைக் கேட்கவில்லை.

பங்க்கில் "கலக்காதது இருக்கா?" என்று கேட்டேன். பையன் சிரித்தான். "பால்காரர்கிட்ட கேக்கற மாதிரி கேக்கறீங்களேண்ணா."

(நேர்மையாகச் சொன்னால் என் செயினும் தேய்ந்து போயிருந்தது. எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போட மாட்டேன்.)

தீபாவளி டெலிவரி

என்னுடையது சின்னக் கதை. தம்பிக்கு 2023 தீபாவளிக்கு பைக். முன்பணம் கட்டியாகிவிட்டது, வண்டியை 11ஆம் தேதி எடுப்பதாக ஏற்பாடு. நவம்பர் 9 முதல் சாலை வரி ஏறியது. ஒரு லட்சத்துக்குள்ளான வண்டிக்கு 8 சதவீதம் 10 ஆனது. ஷோரூமில் இன்னொரு இரண்டாயிரம் கேட்டார்கள். அம்மா புடவைக்கு வைத்திருந்த பணம் அதில் போனது. ஷோரூம்காரரைத் தம்பி பிடிபிடியென்று பிடித்தான். முதல் ஆள் சொன்னதேதான், தப்பான ஆளைத் திட்டினோம். சுங்கச்சாவடியைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் ராத்திரி ஆகிவிடும். எங்கள் பக்கம் ஏப்ரல் 1 என்றாலே முட்டாள்கள் தினம் ஞாபகம் வராது, டோல் கட்டண உயர்வுதான் ஞாபகம் வரும்.

குரோம்பேட்டை ஸ்கூட்டி

எல்லோருக்கும் நன்றி. ஆட்டோ அண்ணன் எழுதியதைப் படித்ததும் இன்னொன்று ஞாபகம் வந்தது.

2021 நவம்பர் 4 முதல் 2022 மார்ச் 21 வரை சென்னையில் பெட்ரோல் 101.40, அசையவே இல்லை. தினமும் காலை ஆறு மணிக்கு விலை மாறும் என்று 2017இல் கொண்டுவந்த முறைதான், ஆனால் உத்தரப்பிரதேசத்தில் ஓட்டுப் போட்டு எண்ணி முடிக்கிறவரை அந்த ஆறு மணி விடியவில்லை. அப்புறம் 16 நாளில் 14 தடவை ஏறி 110.85இல் போய் நின்றது. அதே பங்க், அதே பெண். தினமும் யாராவது ஒருவர், "நாளைக்கு எவ்வளவும்மா?" என்று ஜோசியம் கேட்பார். "தெரிஞ்சா நானே இன்னைக்கு ரொப்பிக்க மாட்டேனா சார்" என்பார்.

ஏப்ரலில் ஒருநாள் எக்ஸ்எல் பெரியவர் மறுபடியும் எனக்கு முன்னால் நின்றார். அதே நூறு ரூபாய். அந்தப் பெண் "ஜீரோ பாத்துக்குங்க" என்றபோது அவர் மிஷின் பக்கம் திரும்பவே இல்லை, வாழைத்தார்க் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். லிட்டர் கட்டத்தில் 0.90. மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்: "அந்தக் கீழ்க் கட்டத்துல ஒரு துணியைப் போட்டு மூடிடு தாயி."