காசு வந்தால் பிள்ளை பிழைத்துவிடுமா?

நெய்தல்:
வறுமை பற்றிய திரியில் கணக்குப்பிள்ளை போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "நாட்டுக்குக் காசு வந்தால் குழந்தைச் சாவு தானாகக் குறையும். மற்றதெல்லாம் தொண்டு நிறுவன விளம்பரம்." ராத்திரி தூங்க முடியவில்லை எனக்கு.

எக்குவடோரியல் கினியாவில் எண்ணெய்ப் பணம் கொட்டியது. 2010 வாக்கில் தலைக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் வருமானம். அங்கே ஆயிரம் குழந்தைகளில் நூறு பேர் அளவுக்குச் செத்தார்கள். அப்போது ஆயிரம் டாலரைக்கூட எட்டாத வங்கதேசத்தில் அதில் பாதிதான். ஏன்? பிராக் என்ற வங்கதேசத் தொண்டு அமைப்பின் பெண்கள் 1980 முதல் 1990 வரை வீடு வீடாக ஏறி, பேதியில் விழும் பிள்ளைக்கு என்ன கலக்கிக் கொடுப்பது என்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்: மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர், அதாவது அரை லிட்டர் அளவு, தண்ணீர். பிறகு வேறொருவர் போய், அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று கேட்பார். அதைப் பொறுத்துத்தான் கற்றுக்கொடுத்தவருக்குக் கூலி. இதற்குப் பெயர் விளம்பரமா?

கணக்குப்பிள்ளை:
உப்பு வெல்லம் வந்துவிட்டது, எதிர்பார்த்தேன். அந்தத் திட்டம் முடிந்தது 1990இல் என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்த வருஷம் வங்கதேசத்தின் எண் ஆயிரத்துக்கு 144ஐ ஒட்டி. பத்து வருஷம் கலக்கிக் கொடுத்தும் 144. 2015க்குள் அது 38 ஆனது. அந்த இருபத்தைந்து வருஷத்தில் வந்தது ஆடைத் தொழிற்சாலை, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய பணம். வெல்லம் அல்ல.

இளவேனில்:
எதை எண்ணுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். ஒரு வயதுக்குள்ளா, ஐந்து வயதுக்குள்ளா? 2022இல் உலகில் ஐந்து வயதுக்குள் இறந்த 49 லட்சம் பேரில் 23 லட்சம் பேர் பிறந்த ஒரு மாதத்துக்குள் இறந்தவர்கள். அவர்களைக் காப்பாற்றப் பேறுகாலக் கவனிப்பு வேண்டும். உப்பு வெல்லமும் கொசுவலையும் அந்த முதல் மாதத்தை அதிகம் தொடாது.

நெய்தல்:
ஐந்து வயதுக்குள் இறப்பதைத்தான் எண்ணுகிறோம், இளவேனில். 144 என்று எழுதுகிறவர் 1980இல் எவ்வளவு என்று ஏன் எழுதவில்லை? கிட்டத்தட்ட 200. இருநூறிலிருந்து 144க்கு இறங்கியபோது எந்த ஆடைத் தொழிற்சாலை காப்பாற்றியது? பாதிக் கணக்கைக் காட்டுவது உங்கள் வழக்கம்.

கணக்குப்பிள்ளை:
முழுக் கணக்கே சொல்கிறேன். எண்பதுகளின் நடுவில் அங்கே நூற்றுக்கு இரண்டு குழந்தைகளுக்குத்தான் தடுப்பூசி முழுசாகப் போனது. 1990க்குள் பாதியைத் தாண்டியது. தட்டம்மைச் சாவு குறைந்ததையும் உங்கள் சிட்டிகை உப்பில் சேர்த்துக்கொள்கிறீர்கள்.

பாரிமகன்:
தடுப்பூசி என்ன, சம்பளம் கூடினால் தானாகவே குழந்தையின் தோளில் ஏறுகிறதா? அதையும் ஒரு ஆள் தூக்கிக்கொண்டு நடந்தால்தான் ஆச்சு. எத்தியோப்பியாவைப் பாருங்கள். 2003இல் தொடங்கி, பத்தாவது முடித்த பெண்களுக்கு ஒரு வருஷம் சுகாதாரப் பயிற்சி, அரசாங்கச் சம்பளம், ஊருக்கு இரண்டு பேர். முப்பதாயிரத்துக்கு மேல் பெண்கள். 1990இல் 200ஐச் சுற்றி இருந்த எண் 2015இல் 60 பக்கம் வந்தது.

கணக்குப்பிள்ளை:
அந்தப் பெண்கள் வேலை பார்த்த அதே காலத்தில் எத்தியோப்பியப் பொருளாதாரம் வருஷத்துக்குப் பத்து சதவீதம் அளவுக்கு வளர்ந்தது. என் பக்கம் பேசியதற்கு நன்றி.

பாரிமகன்:
நைஜீரியாவும்தான் அந்தக் காலத்தில் வளர்ந்தது. 2015இலும் நூறுக்கு மேல். அதற்குப் பதில் இருக்கிறதா? கொசுவலைத் திரியிலும் இப்படித்தான், பதில் இல்லாதபோது நன்றி சொல்லிவிட்டு நழுவினீர்கள்.

கணக்குப்பிள்ளை:
கொசுவலைத் திரியில் என் பதிலை நீக்கச் சொல்லிப் புகார் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே இழுக்காதீர்கள். அடுத்து ருவாண்டாவைக் கொண்டுவருவீர்கள். 1994 படுகொலை வருஷத்து உச்சியிலிருந்து எண்ணினால் எந்த நாடும் அதிசயம்தான்.

பாரிமகன்:
நான் புகார் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் என் பெயரிலேயே கொடுத்திருப்பேன்.

நெய்தல்:
ருவாண்டாவை நான் கொண்டுவரவில்லை. 1971க்கு வாருங்கள். வங்கதேசப் போரில் ஓடிவந்தவர்கள் மேற்கு வங்க எல்லையில் பன்கான் முகாமில் காலராவில் விழுந்தார்கள். நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பிவைத்து, உறவினர்களையே குவளையில் முகந்து கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் அளவில் இருந்த சாவு நான்குக்கும் கீழே வந்தது. அந்த முகாமில் யாருக்கு வருமானம் ஏறியது? உடுத்திய துணியோடு வந்தவர்கள் அவர்கள். சர்க்கரை கூட இருந்தால் குடல் உப்பை உறிஞ்சும், உப்பின் பின்னால் தண்ணீரும் போகும். அந்தக் குடல் யாருடைய சம்பளத்தையும் கேட்பதில்லை.

இதை ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், என் அக்கா மகன் பதினோரு மாதத்தில் பேதியில் போனான். பார்த்த மருத்துவர் வயிற்றைக் காயப்போடச் சொன்னார், தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாதென்றார். நாக்கு வறண்டு அழுத பிள்ளைக்கு நாங்கள் கொடுக்கவில்லை. விடிவதற்குள் முடிந்தது. வீட்டில் உப்பு இருந்தது, வெல்லம் இருந்தது, காசும் இருந்தது. சொல்லித்தர ஆள் வரவில்லை.

கணக்குப்பிள்ளை:
உங்கள் இழப்புக்கு மனமார வருந்துகிறேன். ஆனால் ஒரு முகாமையும் ஒரு வீட்டையும் வைத்து ஒரு நாட்டின் கணக்கை எழுத முடியாது. 1990இல் 144.

நெய்தல்:
வருத்தத்தையும் 144ஐயும் ஒரே மூச்சில் எழுத உங்களால் முடிகிறது.

கணக்குப்பிள்ளை:
எண் எண்தான். உங்கள் கோபத்துக்காக அதை மாற்ற மாட்டேன்.

இளவேனில்:
முதல் மாதச் சாவு பற்றிக் கேட்டிருந்தேன். பாரிமகன் சொன்ன எத்தியோப்பியாவிலேயே அது மற்றதைவிட மெதுவாகத்தான் குறைந்தது. யாராவது?

பாரிமகன்:
இளவேனில், இவருக்கு முதலில் நைஜீரியாவைப் பதில் சொல்லச் சொல்லுங்கள்.

நெய்தல்:
1980இல் கிட்டத்தட்ட 200. நீங்கள் 144 என்று எழுதும் ஒவ்வொரு முறையும் இதை எழுதுவேன். 1994 முதல் வங்கதேசக் கிராமங்களில் பெண்பிள்ளைகளுக்கு உயர்நிலைப்பள்ளி உதவித்தொகை கொடுத்தார்களே, அப்படிப் படித்த பெண் தாயானபோது பிள்ளையின் வறண்ட நாக்கைப் பார்த்து என்ன செய்தாள் என்பதையும் எழுதுவேன்.

கணக்குப்பிள்ளை:
உதவித்தொகை எதில் கொடுத்தார்கள்? காசில்தானே.