பெங்களூரு: பெரிய தரைத்தள வீடா, சின்ன மூன்றாம் மாடியா?

அல்சூர்வாசி:
மர்பி டவுன் பக்கம் இரண்டு வாடகை வீடு பார்த்திருக்கோம். ஒன்று தரைத்தளம், இரண்டு பெட்ரூம், புதுசா பெயிண்ட் அடிச்சது. இன்னொன்று மூன்றாம் மாடி, மேல்தளம், ஒரே பெட்ரூம். வாடகை ஒன்றுதான். குழந்தைக்கு வீசிங் உண்டு. அட்வான்ஸ் கொடுக்கும் முன் எதைப் பார்க்கணும்? நாலைந்து வருஷம் நிம்மதியா இருக்கணும்.

செங்கல்சுவர்:
வீசிங்னா முதலில் ஓதத்தை, அதாவது சுவர் ஈரத்தைப் பாருங்க, ரூம் கணக்கு அப்புறம். தரைத்தளத்தின் புது பெயிண்ட்தான் எனக்கு உறுத்துது, ஈரத்தை மறைக்க அடிச்சிருக்கலாம். தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நிற்கும். அங்கே பெயிண்ட் உப்பியிருக்கா, வெள்ளையா உப்பு பூத்திருக்கா என்று தடவிப் பாருங்க. பிறகு ஓனரைக் கேட்டு, ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளை நாலு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்க. தாளுக்கு உள்ளே நீர் கோத்திருந்தா ஈரம் சுவருடையது; குடியிருப்பவரால் அதைச் சரிசெய்ய முடியாது, அந்த வீடு வேண்டாம். வெளிப்பக்கம் மட்டும் என்றால் காற்றோட்டம் போதலை, ஜன்னல் திறந்து சமாளிக்கலாம். பாத்ரூமை ஒட்டிய பெட்ரூம் சுவரில் திட்டுத்திட்டா ஈரம் இருந்தா, குழாய் ஜாயின்ட் கசிவா இருக்கலாம்.

தண்ணிக்கணக்கு:
மேல்தளத்தையும் சோதிக்காம எடுக்காதீங்க. மத்தியானம் மூன்று மணிக்குப் போய் நில்லுங்க, கூரை வெக்கை தெரியும். டேங்க் தலைக்கு மேல் சில அடிதான் என்பதால் ஷவரில் அழுத்தம் குறையும், திறந்தே பாருங்க. காவிரித் தண்ணி வாரத்தில் எத்தனை நாள், சம்ப் எத்தனை லிட்டர், போர் வற்றினா டேங்கர் காசு யார் கொடுப்பது? 2024 கோடையில் இங்கே வந்த தண்ணித் தட்டுப்பாட்டுக்குப் பிறகு இதைக் கேட்காம விடவே கூடாது. தண்ணியில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான்: குடிக்க லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லைன்னா 2000 வரை. இரவு பத்துக்கு மேலும் ஒரு தடவை போங்க. குடியிருப்புப் பகுதிக்கு அப்போது சத்த வரம்பு 45 டெசிபல்.

அல்சூர்வாசி:
நன்றிங்க. வாடகைப் பத்திரம் 11 மாசத்துக்குத்தானாம். அப்புறம்?

பத்திரஎழுத்து:
ஓராண்டைத் தாண்டினா பதிவு கட்டாயம் என்பதால் அப்படி. புதுப்பிக்கும்போது எத்தனை சதவீதம் ஏற்றுவார் என்பதை இப்பவே எழுத வையுங்க. காலி செய்யும்போது பெயிண்டுக்குப் பிடிக்கும் தொகை, அட்வான்ஸ் திரும்பும் நாள் இரண்டும் பத்திரத்தில் வரணும். கரண்டுக்கு ஓனர் இணைப்பிலிருந்து பிரித்த சப்மீட்டர்தான் என்றால் 200 யூனிட் வரையான கிருஹ ஜோதியை (கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டம்) உங்க பேரில் பதிய முடியாது, தனி ஆர்.ஆர். எண் (மின் இணைப்பு எண்) இருக்கான்னு பில்லைக் காட்டச் சொல்லுங்க.